வீடியோ லைட் புகைப்பட வரலாற்றில் சேருமா?

இருட்டறை:
கிறிஸ்டா தாம்ப்சன் எழுதிய 'ஷைன்' (2015) படித்தேன். பஹாமாஸ்காரர், கலை வரலாற்றாசிரியர். நியூ ஆர்லியன்ஸ் கிளப்புகளில் சொகுசு கார் வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொள்ளும் படம், ஜமைக்காவின் டான்ஸ்ஹால் (பாட்டும் ஆட்டமுமான விருந்து) இரவுகளில் கேமராக்காரர் கூட்டத்துக்குள் கொண்டுவரும் வீடியோ லைட், எல்லாமே அவருக்குக் கலை வரலாறு. எனக்கு ஒட்டவில்லை. அந்த லைட் கிட்டே வந்தால் படத்தில் முகமே வெள்ளையாக எரிந்துபோகிறது. படமே சரியாக விழாத இடத்தில் புகைப்பட வரலாறு எங்கே?

தெற்குக்கரை:
அவர் சொல்வதே அதுதானே ஐயா. லைட் ஒருத்தி மேல் விழுகிறது, கூட்டம் மொத்தமும் திரும்புகிறது, தான் பார்க்கப்படுவதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அவளுக்கு வேண்டியது அந்த நேரம், அச்சுப்படம் அப்புறம். அவருடைய 2006 புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜமைக்காவுக்கும் பஹாமாஸுக்கும் சுற்றுலாப் பயணிகளை இழுக்க எடுத்த படங்களைப் பற்றியது. அதில் கறுப்பினத்தவர் தென்னை, வாழையோடு சேர்ந்து காட்சிப்பொருள். எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்?

கறார்:
சரி, அந்த லைட்டில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தோலை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசுகிறார்களே, அதையும் அழகியல் என்று எழுதிவிடலாமா? தோல் கெட்டுப்போவது யாருக்கு?

தெற்குக்கரை:
அதை அவர் மறைக்கவே இல்லை, அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறார். பூசுகிறவர்களை மூளையில்லாதவர்களாகக் காட்டவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, ஒளி ஒன்றும் நடுநிலையான பொருள் இல்லை. கோடாக் ஆய்வகங்களில் படம் அச்சிடும்போது நிறம் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி' அட்டையில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண் முகம்தான். படங்களில் கறுப்பு முகம் இருட்டில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறார்:
கோடாக் செய்ததற்குக் கோடாக்கைத் திட்டுங்கள், நானும் வருகிறேன். அதற்காகக் க்ரீம் நல்லதாகிவிடாது. ஏன் பூசுகிறார்கள் என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவது ஆய்வாளருக்குச் சௌகரியம்.

இருட்டறை:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. பஹாமாஸில் பள்ளி இறுதி விருந்துக்குப் பிள்ளைகள் ராஜா ராணி மாதிரி வந்து இறங்குவதையும் எழுதியிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம்தான் முக்கியம், படம் இல்லை என்றால் நாளைக்கு எதை வைத்துச் சரிபார்ப்பது? அவர் பேச்சை நம்பித்தானே ஆக வேண்டும்?

தெற்குக்கரை:
ஏன்? டான்ஸ்ஹால் வீடியோக்கள் டிஸ்க்கில் ஊர் ஊராகப் போனவை, வெளிநாட்டு ஜமைக்கர்களும் வாங்கிப் பார்த்தார்கள். அருங்காட்சியக அலமாரியில் இல்லை என்பதற்காக ஆதாரமே இல்லை என்பீர்களா?