மறு: காற்றடிக்கும் கடலுக்கு எந்தத் துடுப்புப் பலகை? ‘சிற்றலை’க்குப் பதில் ‘அலைநெரிசல்’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காற்று கிளம்பிய பிறகு கடலின் மேற்பரப்பில் அலை குட்டை குட்டையாக, ஒழுங்கில்லாமல், ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது என்று எழுந்து அடிக்கிறது. ஆங்கிலக்காரர்கள் ‘சாப்’ என்கிறார்கள். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் முடிவானால்தான், பலகைமேல் நின்று துடுப்பு வலிக்கும் விளையாட்டுக்கு நாம் எழுதும் கையேட்டில் “எந்தப் பலகை வாங்குவது” என்ற அத்தியாயத்தைத் தொட முடியும். ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம் என்று மட்டுறுத்துநர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இங்கே ஒரு சொல்லை இழுத்தால் நான்கு சொற்கள் கூடவே வருகின்றன. ஆகவே மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சிற்றலை என்ற பழகிய சொல் இருக்கையில் புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

ஐயா, சிற்றலை நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது. குளத்தில் கல் விழுந்தால் பரவுவது சிற்றலை. வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டோமே, அந்த ஒலிபரப்பு வரிசையும் சிற்றலை. மூன்றாவது வேலையையும் கொடுக்கலாம்தான். என் மறுப்புக்குக் காரணம் வேறு: அந்தச் சொல் அலையின் உயரத்தைச் சொல்கிறது. பலகையில் நிற்பவரை விழவைப்பது உயரம் அல்ல, இடைவெளி.

ஆழமான நீரில் அலையின் நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இரண்டு முகடுகள் ஓர் இடத்தைக் கடக்க எத்தனை விநாடி இடைவெளி என்று பார்த்து, அதன் இருமடியை 1.56-ஆல் பெருக்கினால் நீளம் மீட்டரில் கிடைக்கும். தொலைவில் பிறந்து வந்த அலைக்கு 10 விநாடி இடைவெளி என்றால் முகட்டிலிருந்து முகட்டுக்கு 156 மீட்டர். அரை மீட்டர் உயரமானாலும் பலகையில் இருப்பவர் அதை உணர்வதே அரிது. மெல்ல ஏறி மெல்ல இறங்குவார். அதே அரை மீட்டர் 2 விநாடிக்கு ஒருமுறை வந்தால் நீளம் 6.2 மீட்டர்தான். அப்போது முழங்கால் ஓயாது. உயரம் ஒன்றே, அனுபவம் வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் கையேட்டுக்கு உதவாது.

இதுவரை வந்த மற்றச் சொற்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ‘கொந்தளிப்பு’ புயல் செய்திக்கு உரியது. காலை பத்து மணிக் கடற்காற்றுக்கு அந்தச் சொல்லை எடுத்தால் உண்மையில் புயல் வரும்போது எதைச் சொல்வது? ‘காற்றலை’ பொருளளவில் மிகச் சரி, காற்றால் எழும் அலைதானே. ஆனால் ஒரு துணைக்கால் கூடினால் காற்றாலை. ஆரல்வாய்மொழிப் பக்கம் யாராவது இந்தக் கையேட்டைப் படித்தால் குழம்பிப்போவார். ‘குறுந்திரை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெடுந்திரை, குறுந்திரை என்று இணையாக வரும், சங்கச் சாயலும் உண்டு. ஆனால் இன்றைய வாசகர் திரை என்றதும் கடலையா நினைப்பார்? சின்னத்திரைக்குத் தம்பி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு ‘அலைநெரிசல்’. கூட்ட நெரிசல், போக்குவரத்து நெரிசல் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிற சொல். விளக்கம் கேட்கவே தேவையில்லை. இடைவெளி போதாமல் ஒன்றோடொன்று முட்டுவதுதான் நெரிசல். கடலிலும் நடப்பது அதுவே. இன்னொரு வசதி: ‘சாப்’ என்பது ஓர் அலையின் பெயர் அல்ல, நீரின் ஒரு நிலை. நெரிசலும் அப்படியே. ஒற்றை ஆளை யாரும் நெரிசல் என்பதில்லை. “அலைநெரிசல் மிகுந்த நீர்”, “நண்பகலுக்கு மேல் நெரிசல் கூடும்” என்று தடையில்லாமல் எழுத வருகிறது.

> நெரிசல் என்பது எதிர்மறையான சொல். விளையாட்டுக்கான நூலில் இது சரிப்படுமா?

பெரும்பாலானவர்களுக்கு அது எதிர்மறையான அனுபவம்தான். ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், மலிக்கோ என்ற ஓடையிலிருந்து கஹுலுயி வரை, வடகிழக்கிலிருந்து அடிக்கும் வணிகக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த நெரிசலைத் தேடித்தான் போகிறார்கள். 3 விநாடி அலையின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். துடுப்பு வலிப்பவரின் சராசரி வேகம் 7, 8 கிலோமீட்டர். பத்துப் பதினைந்து வலிப்புகளில் வேகத்தைக் கூட்டி அலையின் முன்சரிவில் பலகையை ஏற்றிவிட்டால் சிறிது தூரம் அலையே சுமந்து செல்லும். அது கரைவதற்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அங்கே மொலோக்காய்த் தீவிலிருந்து ஓவாஹுத் தீவு வரை கடற்கால்வாயைக் கடக்கும் 32 மைல் போட்டியும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. இதற்குப் ‘பின்காற்று ஓட்டம்’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தனி மடலாக எழுதுங்கள்.

இனி பலகை. சொல் சரியா என்று பார்க்க, அதைக்கொண்டு அத்தியாயத்தை எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

கடைகளில் அடி, அங்குலக் கணக்குத்தான். பொதுப் பயன்பாட்டுப் பலகை 10 அடி 6 அங்குலம், அதாவது 3.2 மீட்டர். மேலே சொன்ன 2 விநாடி அலையில் பாதி நீளம் 3.1 மீட்டர். ஆக, அணியம் (பலகையின் முன்முனை) முகட்டில் இருக்கும்போது பின்தலை சரியாகப் பள்ளத்தில் இருக்கும். அடுத்த விநாடி இது தலைகீழாகும். இதைவிட மோசமான பொருத்தம் வேண்டியதில்லை. 12 அடி 6 அங்குலம் அல்லது 14 அடிப் பலகை அடுத்த முகட்டை நோக்கி நீள்வதால் ஆட்டம் குறைகிறது. 1.5 விநாடி நெரிசலில் அலைநீளமே 3.5 மீட்டர்தான், அங்கே நீண்ட பலகை இரண்டு முகடுகளின் மேல் பாலம்போல் கிடக்கும். கடலில் ஒரே இடைவெளியுள்ள அலை தனியாக வருவதில்லை, பலவும் கலந்தே வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் நெரிசல் நீரில் தொலைவு போக வேண்டுமானால் நீளம் கூடுவது நல்லது. அலையில் சறுக்கித் திரும்ப வேண்டுமானால் நீளம் குறைய வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் கேட்பவருக்கு விற்பனையாளர் 10 அடி 6 அங்குலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அகலம்தான் பலர் ஏமாறும் இடம். “காற்று அதிகம், ஆகவே இருப்பதிலேயே அகலமானதைக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். அமைதியான நீரில் 34 அங்குலப் பலகை திண்ணைபோல நிற்கும். நெரிசல் பக்கவாட்டில் வரும்போது அதே பலகை நீர்ப்பரப்பின் ஒவ்வொரு சரிவுக்கும் ஏற்பத் தானும் சரியும்; தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதற்கு அதுதான் விலை. இங்கே இரண்டு கலைச்சொற்கள் வேண்டும். அசையாத நீரில், நேராக நிற்கும்போது கிடைக்கும் உறுதியைக் ‘கிடையுறுதி’ என்றும், சாயத் தொடங்கியபின் பலகை தாங்கிப்பிடிக்கும் உறுதியைச் ‘சாய்வுறுதி’ என்றும் எழுதியிருக்கிறேன். முதல்நிலை, இரண்டாம்நிலை என்று எழுதினால் எது எதுவென்று தேர்வுக்குப் படிப்பவர்போல மனப்பாடம் செய்ய வேண்டிவரும். கடையில் நின்று பார்த்தால் கிடையுறுதிதான் கண்ணில் படும். நெரிசலில் ஆளைக் காப்பது சாய்வுறுதி. பழகியவருக்கு 30, புதியவருக்கு 32 அல்லது 33 அங்குலம் போதும் என்பது என் கருத்து. மேலே போவது ஆளின் எடையைப் பொறுத்தது.

சாய்வுறுதி பெரும்பாலும் பக்கங்களிலிருந்து வருகிறது. அதை ‘விளிம்பு’ என்று எழுதியிருந்தீர்கள். விளிம்பு என்றால் தாளின் ஓரம், கத்தியின் ஓரம். அதற்குப் பருமன் கிடையாது. இங்கே பருமன்தான் செய்தி. ‘விலா’ என்று வைக்கலாமா? “பருத்த விலாவுள்ள பலகை சாயும்போது எதிர்த்து மிதக்கும், ஒல்லி விலா நீருக்குள் நுழைந்துவிடும்.” படித்தால் பொருள் உடனே விளங்குகிறது.

முனைக்கு ‘மூக்கு’ வேண்டாம். தோணிக்காரர்களின் அணியம் இருக்கிறது, அதைவிட அழகாக எதைச் செய்யப்போகிறோம்? அணியம் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் முன்னலையில் குத்தாமல் ஏறும். கட்டுமரத்தின் முன்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதும் கரையலையைத் தாண்டத்தான். ஆனால் வளைவு மிகுந்தால் காற்று அதன் அடியில் புகுந்து பலகையைத் திருப்பும். எதிர்காற்றில் ஒவ்வொரு வலிப்பும் பாதி வீண்.

> துடுப்புப் பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா?

கட்டாயம் சிரிப்பார்கள். பள்ளிப் பாடநூலில் மீனுக்கு இருப்பதும் துடுப்பு, நம் கையில் இருப்பதும் துடுப்பு; இரண்டும் ஒரே வரியில் வரும்போது நூல் கேலிக்கு ஆளாகும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா ‘செட்டை’யை நினைவூட்டினார். ஈழத்தில் மீன் வெட்டும்போது சொல்லும் சொல். “நடுச்செட்டை பெரிதாக இருந்தால் காற்றிலும் நேராகப் போகும், திருப்புவதுதான் கடினம்.” எனக்கு முழுச் சம்மதம். தமிழகத்து வாசகருக்கு முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ஒரு விளக்கம் போதும்.

அடுத்து, காற்றடைத்த பலகை. ‘ஊதுபலகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படியே வைத்துக்கொள்ளலாம். மடித்து பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்பதால் நம் ஊரில் பலரும் வாங்குவது இதுவே. 6 அங்குலத் தடிமனுள்ள பொதுப் பலகை ஒன்று 300 லிட்டர் அளவு இருக்கும். 75 கிலோ ஆளும் பத்துக் கிலோ பலகையும் சேர்ந்து 85 லிட்டர்தான் நீரை விலக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே நிற்கிறது என்று பொருள். காற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதே ஆள் 180 லிட்டர் கடினப் பலகையில் ஏறினால் ஏறக்குறைய பாதி நீருக்குள் இருக்கும், நெரிசலைப் பிளந்துகொண்டும் போகும். ஊதுபலகையைத்தான் வாங்கப்போகிறவர் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் வரும்வரை அடிக்க வேண்டும். கை வலிக்கிறதென்று 10-இல் நிறுத்தினால் நடுவில் தொய்ந்து, முகட்டுக்கு முகடு வளைந்து நெளியும். அடிக்கும்போது கடைசி ஐந்தில்தான் உடம்பின் எடை முழுவதையும் காற்றடிக்கும் குழாய்மேல் போட வேண்டிவரும். அதை மின்சாரத்தில் ஓடும் காற்றடிக்கும் குழாய்க்கு விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பாதுகாப்புப் பகுதியில் ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும். கோவளம், மாமல்லபுரம் பக்கம் கோடைக் காலையில் கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும்போது கரையோரக் கடல் எண்ணெய்போல மழமழப்பாக இருக்கும். நெரிசலே இல்லை என்று புதியவர் இறங்குவார். அந்தக் காற்று அவரைக் கடலுக்குள் தள்ளும். உள்ளே போகப்போக நெரிசல் பிறக்கும். நிற்கிற உடம்பே ஒரு பாய். திரும்ப முடியாதபோது மண்டியிட்டுத் துடுப்பு வலிப்பதும், அதற்கும் மீறினால் பலகைமேல் படுத்துக் கையால் வலிப்பதும்தான் வழி. பலகையை விட்டு நீந்தவே கூடாது.

> பெயரில் ‘நின்று’ என்பது வரவில்லையே? நிலைத்துடுப்புப் பலகை என்றால் என்ன?

‘நிலை’ என்றால் அசையாதது என்றும் பொருள். கரையில் கட்டிவைத்த பலகை என்று நினைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் நின்று என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது, ஏனென்றால் படுத்துக் கையால் வலிக்கும் பலகைக்கும் அங்கே அதே பெயர். தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. துடுப்பு என்பது ஒரு கருவி. ‘துடுப்புப் பலகை’ என்றதும் கையால் வலிப்பது தானாக விலகிவிடுகிறது. அதற்குக் ‘கைவலிப் பலகை’ என்று தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம். இந்த விளையாட்டு பிறந்த ஹவாயின் மொழியிலும் இதன் பெயர் ‘ஹோஎ ஹெஎ நாலு’தான்: ஹோஎ துடுப்பு, ஹெஎ நாலு அலைச்சறுக்கு. நிற்பது அதில் இல்லை. வைக்கீக்கிக் கரையில் தோணித் துடுப்பை எடுத்துக்கொண்டு பலகைமேல் ஏறியவர்களுக்கு, நிற்பதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. ஆங்கிலத்தின் ‘ஸ்டாண்ட் அப் பேடில்’ என்பதற்கான ‘சப்’ என்ற சுருக்கத்தைப் பொறுத்தவரை, சப்-இன்ஸ்பெக்டருக்கும் சப்-கலெக்டருக்கும் நடுவே இன்னொரு சப் நமக்கு வேண்டாம்.

நாகையிலிருந்து எழுதிய நண்பருக்கு: மீனவர்களிடம் இதற்குச் சொல் இருக்குமே என்ற உங்கள் எண்ணம் சரியானது. கரையில் பெருகி வரும் தொலைதூர அலைக்கு வைத்திருந்த ‘கள்ளக்கடல்’ என்ற மீனவர் சொல்லை 2012-இல் யுனெஸ்கோவே அறிவியல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இன்று குமரிக் கடலோர எச்சரிக்கைகளில் அந்தப் பெயரே வருகிறது. அதைப்போல, காற்றால் கரையோரத்தில் எழும் நெரிசலுக்கும் வழக்குச் சொல் ஒன்று கிடைத்தால் என் சொல்லை உடனே விலக்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்கும்போது “சின்ன அலைக்கு என்ன சொல்வீர்கள்” என்று கேட்காதீர்கள், சின்ன அலையின் பெயர்தான் கிடைக்கும். “மதியக் காற்றில் தோணி தடதடவென்று அடிக்குமே, அந்தத் தண்ணீரை என்னவென்று சொல்வீர்கள்” என்று கேளுங்கள்.

அதுவரை கையேட்டு வரைவில் இப்படிப் போகட்டும்: அலைநெரிசல் — அருகிலேயே வீசும் காற்றால் எழுந்து, சில விநாடி இடைவெளியில் ஒழுங்கின்றி அடுத்தடுத்து வரும் குட்டை அலைகளின் நிலை.

பலகையையும் கணுக்காலையும் இணைக்கும் கயிறு மட்டும் மீதி இருக்கிறது. ‘காற்கயிறு’ என்று எழுதினேன். காற்றுக்கயிறு என்று இரண்டு பேர் படித்துவிட்டார்கள். ‘கணுக்கயிறு’ எப்படி இருக்கிறது?

அன்புடன்.