கொரிய மளிகைக் கடைக்குள் இருக்கும் நூடுல்ஸ் கடை: முதலில் எதை வாங்கலாம்?

கேள்வி: கொரிய மளிகைக் கடையில் பில் போடும் இடத்தைத் தாண்டினால் கொரிய-சீன நூடுல்ஸ் கடை. ஜாஜாங்மியோன் வாங்கவா, ஜாம்போங் வாங்கவா? நான் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டேன்.

பதில் 1: என் ஓட்டு ஜாஜாங்மியோனுக்குத்தான். நூடுல்ஸ் மேல் ஊற்றும் குழம்பு கறுப்பாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். சுஞ்சாங் என்ற புளிக்கவைத்த சோயா விழுதை எண்ணெயில் வறுத்து, வெங்காயத்தை அள்ளிப் போட்டுச் செய்வது. காரம் கிடையாது, லேசான இனிப்பு. கிண்ணம் வந்ததும் அடிவரை கிளறிவிடுங்கள், ஆறினால் நூடுல்ஸ் கட்டியாகிவிடும். கூடவே மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் வேகவைக்காத வெங்காயமும் தருவார்கள். வெங்காயத்தைச் சுஞ்சாங்கில் தொட்டுக் கடியுங்கள், அபாரம்! ஆனால் வழக்கமாகப் பன்றி இறைச்சிதான் போடுவார்கள். கடல் உணவு போட்ட வகை இருக்கிறதா, வறுக்கப் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

பதில் 2: ஜாம்போங் என்பது கணவாய், சிப்பி போட்ட சிவப்புக் குழம்பில் வரும் நூடுல்ஸ், நல்ல காரம். அதிலும் பன்றி சேர்ப்பது உண்டு.

பதில் 3: ஜாஜாங்மியோன், சீனாவின் ஷான்டோங் மாகாணத்திலிருந்து தென்கொரியாவின் இன்சோன் துறைமுகத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த உணவு. இன்சோனில் 2012-இல் ஜாஜாங்மியோனுக்கென்றே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

கேட்டவர்: சரி, கடல் உணவு ஜாஜாங் இருக்கிறதா என்று கேட்கிறேன். நன்றி!