பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி, அந்தரா ஊசி: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, என் தங்கைக்காகக் கேட்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், வயது 23, அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்த கையோடு கருத்தடை ஆபரேஷன் என்று அவள் மாமியார் முடிவே செய்துவிட்டார். அவளுக்கோ இப்போது நிரந்தரமாக எதுவும் வேண்டாம். அவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள், கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போடலாம், 380ஏ வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு வாரம் கழித்தே தொடங்க வேண்டும்.

இவற்றைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: ரத்தப்போக்கு எப்படி இருந்தது? வயல் வேலைக்குப் போக முடிந்ததா? ஊசியை நிறுத்தியபின் மாதவிடாய் சீராக எவ்வளவு நாளானது? காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று வேறு ஊரில் பயமுறுத்துகிறார்கள். ஏறாது என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள், போட்டுக்கொண்டவர் சொன்னால் நம்புவாள்.

அப்புறம், மாமியாரிடம் சண்டையில்லாமல் இதைப் பேசியவர்கள் எப்படி ஆரம்பித்தீர்கள்? கணவரையும் மருத்துவரிடம் அழைத்துப்போனது உதவியதா? பொதுவில் எழுதத் தயக்கமென்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.