தவக்கால 3ஆம் ஞாயிறு: நற்செய்தி வாழ்த்தொலிக்கு மெட்டு தேவை

தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு ஆலயம். பாடகர் குழுவில் 8 பேர், ஒரு கீபோர்டு. வருகிற ஞாயிறு சமாரியப் பெண் நற்செய்தி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், நற்செய்தி வாசிக்குமுன் பாடும் வாழ்த்தொலியில் அல்லேலூயா கிடையாதே என்று, பழைய மெட்டிலேயே 'கிறிஸ்துவே, உமக்குப் புகழ்' என்று போட்டோம். 6/8 தாளம், டி மேஜர். 'உமக்கு' வரும்போது அசை மிஞ்சித் தாளம் தடுக்குகிறது.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தாயிற்று. முன்னிசை கேட்டதுமே மக்கள் பழக்கதோஷத்தில் அல்லேலூயா என்று தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் கருவி பாட்டுக்குத் துணை மட்டும்தானே, முன்னிசையை வெட்டி ஒற்றைச் சுரம் கொடுத்தோம். குழு மூன்று வெவ்வேறு சுருதியில் பாடத் தொடங்கியது. பாடாவிட்டால் வாழ்த்தொலியையே விட்டுவிடலாம்தான், அது கடைசி வழி.

அன்றைய வாழ்த்தொலி வசனமான யோவான் 4:42, 15 உடன் சேரும், கருவியில்லாமலே மக்கள் பிடித்துக்கொள்ளும் எளிய மெட்டு யாரிடமாவது இருக்கிறதா?