'கோடவுன்' என்பது 'கோ டவுன்' தானா?

கேள்வி (பட்டர்வொர்த்):
பினாங்கில் வெல்ட் கீ துறைமுகத் தெருப் பக்கம் பழைய சரக்குக் கட்டடம் ஒன்றின் சுவரில் 'கோடவுன்' என்று மங்கிப்போன எழுத்தைப் பார்த்தேன். கூட வந்த நண்பர், படியிறங்கிப் போய்ச் சரக்கு வைப்பதால் 'கோ டவுன்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1 (ஆயர் ஈத்தாம்):
இல்லை தம்பி, அது நம் சொல். தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் 'குடாங்', அந்த மலாய்ச் சொல்லைக் கேட்டுத்தான் ஆங்கிலேய வியாபாரிகள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கோடவுன்' ஆக்கினார்கள். 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. லண்டனில் 'வேர்ஹவுஸ்' என்றால்தான் புரியும், இது ஆசியத் துறைமுகங்களின் ஆங்கிலம்.

பதில் 2 (கோலாலம்பூர்):
வேர் 'கிட'. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. மதுரைக்காஞ்சியில் அதே சொல் கோட்டை அகழியைக் குறிக்கிறது, அங்கே கிடப்பது தண்ணீர்!

பதில் 3 (ஜார்ஜ் டவுன்):
அந்தக் காலத்தில் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடையையும் கிட்டங்கி என்றுதான் சொல்வார்கள். நீளமான ஒரே கூடம், தரையில் வரிசையாகக் கணக்குப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் சம்மணமிட்டு ஒருவர், ராத்திரி அங்கேயே தூக்கம். என் தாத்தா கடைசி வரை கோடவுன் என்று சொன்னதே இல்லை, கிட்டங்கிதான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. நாளைக்கே நண்பரிடம் சொல்கிறேன்.