இரண்டரை வயதுக் குழந்தைக்கு மூலிகைப் பல்பொடியா, ஃப்ளோரைடு பற்பசையா?

பாலக்கோடு தாய்:
என் மகனுக்கு இரண்டரை வயது. கடைசிக் கடைவாய்ப் பற்களைத் தவிர எல்லாப் பால்பற்களும் முளைத்துவிட்டன. நான் தருமபுரி மாவட்டத்தில் பிறந்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். என் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரித்துப் பழகியவள் நான். அதற்குக் காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்பது மிகப் பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது. அதனால் பற்பசை அட்டையில் அந்தச் சொல்லைக் கண்டாலே திரும்ப வைத்துவிடுகிறேன். என் மாமியார் உமிக்கரியை விரலில் தொட்டுக் குழந்தையின் பல்லைத் தேய்க்கிறார். ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, நாங்கள் என்ன தண்ணீர் குடிக்கிறோம் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஃப்ளோரைடு பற்பசை வாங்கச் சொல்லிவிட்டார். இணையத்திலோ, விழுங்கினாலும் தீங்கில்லாத இயற்கைப் பற்பசை என்று ஒன்றை விற்கிறார்கள். விழுங்காமல் துப்பத் தெரியாத குழந்தைக்கு எதைத்தான் கொடுப்பது?

கருவேலங்காடு:
அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. பட்டறிந்தவர் நீங்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் எதுகைக்காக அன்று. ஆலங்குச்சியிலும் கருவேலம்பட்டையிலும் உள்ள துவர்ப்பு ஈறை இறுக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு சொன்னார்கள். எங்கள் வீட்டில் கருவேலம்பட்டை, கடுக்காய்த் தோல், மாசிக்காய், சிறிது கிராம்பு, இந்துப்பு ஆகியவற்றை இடித்து, வஸ்திரகாயம் செய்து, அதாவது துணியில் சலித்து, அந்தப் பொடியைத்தான் இரண்டு தலைமுறையாகப் பயன்படுத்துகிறோம். எனக்கு 67 வயது. சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லை. கடுக்காயும் மாசிக்காயும் பச்சிளங் குழந்தைக்கு உரைமருந்தாகவே கொடுக்கப்படுபவை. வயிற்றுக்குள் போனாலும் அஞ்ச வேண்டியதில்லை. துப்பத் தெரியாத பிள்ளையின் வாயில், விழுங்கக் கூடாதது என்று அட்டையிலேயே எச்சரித்திருக்கும் ஒரு பொருளை எதற்காக வைக்க வேண்டும்?

பால்பல் மருத்துவர்:
நான் மதுரையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவம் பார்க்கிறேன். முதலில் அந்தத் தாயிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் அறிவுரை சொன்னது தவறு. நம் நாட்டில் ஃப்ளோரைடு நஞ்சேற்றம் முதன்முதலாகப் பதிவானதே 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, ஃப்ளோரோசிஸ் (அதாவது ஃப்ளோரைடு நஞ்சேற்றம்) தணிப்புத் திட்டம் என்ற பெயரையும் சேர்த்தே தாங்கி வந்தது. ஆகவே உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு.

ஆனால் அந்த அச்சம் எதன்மேல் இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பற்பசை அட்டையில் 1000 பிபிஎம் என்று இருந்தால், ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று பொருள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாங்கள் சொல்லும் அளவு ஓர் அரிசி மணி, ஏறத்தாழ 0.1 கிராம். காலையும் இரவும் துலக்கி, குழந்தை முழுவதையும் விழுங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம்தான் உள்ளே போகும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கிணற்று நீரில் அது 3 மில்லிகிராம் இருக்குமானால், ஒரு லிட்டர் நீர் குடிக்கும் குழந்தைக்கு 3 மில்லிகிராம் போகிறது. அதே நீரில் வடித்த கஞ்சியும் காய்ச்சிய பருப்பும் தனி. இயற்கைப் பற்பசைக்கு மாறி 0.2ஐ நிறுத்திவிட்டு, குடத்தில் இருக்கும் 3ஐ அப்படியே விட்டுவிடுவது குழந்தையைக் காப்பது ஆகாது.

உமிக்கரியை மட்டும் இன்றே நிறுத்துங்கள். உமியில் மிகுதியாக இருப்பது சிலிக்கா. பால்பல்லின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, நிலைப்பல்லின் எனாமலைவிட மெல்லியது. தேய்த்தால் வெளுப்பதுபோல் தோன்றுவது, மேற்பரப்பு அராவப்படுவதால்தான்.

கோவை அப்பா:
இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தந்தை என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவர் அரிசி மணி அளவு என்கிறார். தொலைக்காட்சி விளம்பரத்திலோ தூரிகையின் முழு நீளத்துக்கும் பசையைப் பிதுக்கிக் காட்டுகிறார்கள். பழச்சுவையும் மிட்டாய் மணமும் சேர்த்துச் செய்த பசையைக் குழந்தை துப்புமா? என் மூத்த மகள் மூன்று வயதில், யாரும் பார்க்காத நேரத்தில், குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அரிசி மணிக் கணக்கெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அதன்பிறகு ஹைட்ராக்சி அபடைட் சேர்த்த, ஃப்ளோரைடு இல்லாத பசைக்கு மாறினேன். பல் எனாமலே பெரும்பாலும் அந்தக் கனிமத்தால் ஆனது. ஜப்பானில் 1980களிலிருந்தே அதைப் பற்பசையில் சேர்த்து விற்கிறார்கள். விழுங்கினாலும் கவலையில்லாத மாற்று ஒன்று இருக்கும்போது அதைப் பற்றி மருத்துவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

பால்பல் மருத்துவர்:
குழந்தை குழாயை உறிஞ்சியது பற்பசையின் குற்றம் மட்டும் அன்று. பற்பசையையும் மருந்துப் புட்டியைப் போலவே கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதே இல்லை. அது எங்கள் தரப்பின் குறை என்று ஒப்புக்கொள்கிறேன். மிட்டாய்ச் சுவையைப் பற்றி நீங்கள் சொன்னதும் முற்றிலும் சரி. மெல்லிய புதினாச் சுவை போதுமானது.

ஹைட்ராக்சி அபடைட்டை நான் தள்ளிவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஃப்ளோரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளாக, பல நாடுகளில், பல்லாயிரம் குழந்தைகளிடம் செய்த சோதனைகள் இருக்கின்றன; 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அந்த அளவுக்கான சான்று அபடைட்டுக்கு இன்னும் சேரவில்லை. உங்கள் குழந்தைகளுக்குச் சொத்தை இல்லை, இனிப்பும் குறைவு என்றால் நீங்கள் பயன்படுத்துவதைத் தொடருங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே முன்பற்களில் சொத்தையின் தொடக்கமான வெண்புள்ளி தோன்றிய குழந்தைக்கு அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லமாட்டேன்.

கருவேலங்காடு:
மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டியதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். மரபுப் பொருள்களுக்குச் சான்று கேட்கிறவர்கள், நம் மரபில் இல்லாத சர்க்கரையையும் பிஸ்கட்டையும் புட்டிப்பாலையும் குழந்தையின் வாயில் திணித்துவிட்டு, அதனால் வந்த கேட்டைத் துடைக்க ஒரு பசையைத் தேடுகிறார்கள். கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆலங்குச்சியே போதுமானதாக இருந்தது. பசையைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

பால்பல் மருத்துவர்:
ஐயா, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து கனிமத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது; அதற்குத் துணை செய்வதே ஃப்ளோரைடின் வேலை. இரவில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், புட்டிப்பாலோடு உறங்கிவிடும் குழந்தையின் மேல்முன்பற்கள்தான் முதலில் அழிகின்றன. என்னிடம் வரும் சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதே கதைதான். ஆனால் மரபு என்ற பெயரிலும் சில தவறுகள் நடக்கின்றன. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இயற்கையானவை என்பதால் பல்லுக்குக் கேடில்லை என்று நம்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கிருமிகள் கருப்பட்டிக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் ஈறில் தேன் தடவுவது, போட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு இடங்கொடுக்கும் என்பதால், அறவே கூடாது.

உங்கள் பொடியைப் பற்றியும் கேட்க வேண்டும். பெரியவர்களின் ஈறுக்கு அந்தத் துவர்ப்பு நல்லது என்பதை ஏற்கிறேன். ஆனால் சொத்தை வேறு நோய், ஈறு நோய் வேறு நோய். ஈறை இறுக்கும் பொருள், கரைந்துபோன கனிமத்தைத் திரும்பச் சேர்க்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? மேலும் கடையில் வாங்கும் செம்பல்பொடிகள் சிலவற்றில் காவிக்கல்லே பெரும்பங்கு. புகையிலை கலந்த பல்பொடிகளும் ஒரு காலத்தில் தாராளமாக விற்றன; 1992இல் அரசு தடை செய்த பிறகுதான் அது சட்டப்படி நின்றது. அவையும் மூலிகை என்ற பெயரில்தான் விற்றன.

கருவேலங்காடு:
கடைப்பொடியை நானும் ஆதரிக்கவில்லை. வீட்டில் சலித்த பொடிக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆனாலும் ஒரு செய்தியை நான் மறைக்கக் கூடாது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பொடியே போட்டதில்லை. ஈரத்துணியால் துடைப்போம், ஐந்து வயதுக்குப் பிறகுதான் பொடி, குச்சியோ பத்து வயதுக்கு மேல். வேப்பங்குச்சியைக் கடிக்கத் தெரியாத பிள்ளை கையில் கொடுத்தால் தொண்டையில் குத்திக்கொள்ளும். சொத்தைக்கு ஆதாரம் கேட்டீர்கள்; என் வாய்தான் ஆதாரம் என்று சொன்னால் நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். நான் இனிப்பு அதிகம் தின்னாதவன் என்பதும் உண்மைதான்.

கோவை அப்பா:
இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூலிகை எண்ணெய்களில் மிகுந்த கவனம் வையுங்கள். பல்வலிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் கிராம்பு எண்ணெயை 5 முதல் 10 மில்லி வரை குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை, கல்லீரல் பாதிக்கப்பட்டு ஆழ்மயக்கத்துக்குப் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வலிப்பும் மூளைப் பாதிப்பும் கண்டதை 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். நான் ஃப்ளோரைடை வேண்டாம் என்று சொல்கிறவன்தான். ஆனால் இயற்கை என்ற சொல்லை மட்டும் பார்த்துப் புட்டியைத் திறந்து வைத்துவிடாதீர்கள்.

பாலக்கோடு தாய்:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் தெருக்குழாயில் காவிரி நீர் வருகிறது. ஆனால் நாள்தோறும் வராது. வராத நாள்களில் சமையலுக்கு ஆழ்துளைக் கிணறுதான். கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். டாக்டர், அது போதாதா?

பால்பல் மருத்துவர்:
போதாது அம்மா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திக் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளலாம். காவிரி நீர் வரும் நாளில் குழந்தை குடிப்பதற்கும் அவனுக்குச் சமைப்பதற்கும் மட்டுமாவது தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். நிலையான மேல்முன்பற்கள் உருவாவதில், மிகுதியான ஃப்ளோரைடு கறையை உண்டாக்கக்கூடிய மிக நுட்பமான காலம் ஏறத்தாழ ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரை. அதன் இறுதியில் அவன் இருக்கிறான். மற்றப் பற்களுக்கு எட்டு வயது வரை கவனம் வேண்டும்.

பற்பசையைப் பொறுத்தவரை, என் துறையினர் சிலர் என்னோடு மாறுபடக்கூடும் என்பது தெரிந்தே சொல்கிறேன்: சோதனையில் நீரின் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், நீர் மாறும்வரை, அவன் துப்பக் கற்றுக்கொள்ளும்வரை, ஃப்ளோரைடு இல்லாத, காவிக்கல்லும் கரியும் சேராத மென்மையான பசையைப் பயன்படுத்துங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அப்போது இரவுப் பாலும் இனிப்பும் உங்கள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும். 1க்குக் கீழே இருந்தால் அரிசி மணி அளவு, 1000 பிபிஎம். நம் நாட்டுச் சட்டப்படி அதற்கு மேல் சேர்க்கக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதைக் குழாயிலும் அட்டையிலும் அச்சிட்டிருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் பசைகள் பலவற்றில் 500 அளவில்தான் இருக்கிறது. அதன் பலனுக்குச் சான்று குறைவு. எதுவானாலும் துலக்க வேண்டியது நீங்கள். ஏழெட்டு வயது வரை அவன் கையில் விட்டுவிடாதீர்கள்.

கருவேலங்காடு:
தண்ணீரைக் கேட்டுவிட்டுப் பசையைச் சொல்லும் மருத்துவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஃப்ளோரைடைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. என் பேரனுக்கு நான் அதை வாங்கமாட்டேன். ஆனால் இந்தத் தாய்க்குச் சொல்லப்பட்ட முறை சரியானது.

பாலக்கோடு தாய்:
இன்று காலை உமிக்கரி டப்பாவை மாமியாரிடம் பேசி எடுத்துவைத்துவிட்டேன். அவர் வருத்தப்பட்டாலும், குழந்தைக்கென்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்திருக்கிறேன். திங்கட்கிழமை என் கணவர் தருமபுரிக்குக் கொண்டுபோகிறார். முடிவு வந்ததும் அந்த எண்ணை இங்கே எழுதுகிறேன். அதுவரை ஈரத்துணி.