மறு: ‘சர்க்கிட் ட்ரெய்னிங்’ – சுற்றா, கோவையா?

[சாட்ஸ்வர்த், டர்பன்]

குழுவினருக்கு வணக்கம்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைக் காலை உடற்பயிற்சி வகுப்புக்கு ஒரு தமிழ் அட்டை எழுதியிருக்கிறேன். சுவரில் ஒட்டுமுன் உங்களைக் கேட்டுவிட வேண்டும். வெவ்வேறு பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ‘சர்க்கிட் ட்ரெய்னிங்’ என்பதைச் ‘சுற்றுப்பயிற்சி’ ஆக்கினேன். அதே அட்டையில், எல்லாப் பயிற்சியையும் ஒருமுறை செய்து முடிக்கும் ‘ரவுண்ட்’டும் ‘சுற்று’ ஆகிவிட்டது. போதாததற்கு, ஒரே பயிற்சியைத் தொடர்ந்து பல தடவை செய்யும் ‘செட்’டையும் பலர் சுற்று என்றே சொல்கிறார்கள். “பஸ்கி, இரண்டாம் சுற்று” என்று கூப்பிட்டால் என்ன பொருள்? நின்ற இடத்திலேயே மறுபடி பஸ்கியா, ஆறு பயிற்சியும் முடித்துத் திரும்பி வந்து பஸ்கியா? முதலாவது காலுக்கு வலு சேர்க்கும் வேலை. இரண்டாவதில் இதயமும் மூச்சும் சேர்ந்து உழைக்கும். சொல் குழம்பினால் பயிற்சியே வேறாகிவிடும்.

அட்டையின் சாரம்: ஆறு மாதமாவது எடைப்பயிற்சி பழகியவர்களுக்கு. 40 வினாடி வேலை, 20 வினாடி மாறும் நேரம். ஆறு பயிற்சிக்கு 6 நிமிடம், மூன்று முறை 18 நிமிடம், நடுவே இரண்டு தடவை ஒவ்வொரு நிமிடம் கூடுதல் ஓய்வு. மொத்தம் 20. முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் சேர்த்தால் அரை மணி. வரிசை: கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) மார்போடு அணைத்துப் பஸ்கி, தண்டால், ஸ்விங் (இடுப்பை உந்திக் குண்டை முன்னே வீசுவது), ஒரு கை ரோ (குனிந்து குண்டை மேலே இழுப்பது), பிளாங்க் (முழங்கை ஊன்றி உடலை நேராகத் தாங்குவது), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது).

[லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்]

தம்பி, ‘சர்க்கிட்’ என்ற பெயர் வந்த வழியைப் பார்த்தால் ‘சுற்று’ தவறில்லை. 1953இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கனும் ஆடம்சனும் இம்முறையை வகுத்தபோது 9 முதல் 12 பயிற்சிகளைக் கூடத்தைச் சுற்றி வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஆட்களை நகர்த்தினார்கள். ஆகவே சர்க்கிட்டுக்குச் ‘சுற்று’ இருக்கட்டும். ‘ரவுண்ட்’டுக்கு ‘வலம்’ என்று வைப்போம். கோயிலை மூன்று வலம் வருகிறோம் அல்லவா? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்.

[பீட்டர்மாரிட்ஸ்பர்க்]

அக்கா, ‘வலம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் இந்த அட்டையிலேயே அது உதைக்கும். ஒரு கை ரோவில் 20 வினாடி வலக்கை, 20 வினாடி இடக்கை. பயிற்றுநர் “வலம்!” என்று குரல் கொடுத்தால் கையை மாற்றுவதா, அடுத்த வலத்துக்குப் போவதா? இதே காரணத்தால், ஒவ்வொரு பயிற்சியும் நடக்கும் ‘ஸ்டேஷன்’ என்பதற்கு ‘இடம்’ என்றும் எழுத முடியாது. ‘நிலை’ என்றால் பிளாங்க் நிலை, யோக நிலை என்று உடல் நிற்கும் விதத்துக்குப் போய்விட்டது.

பெயருக்கு முன் வரிசையைச் சரி செய்ய வேண்டும், தம்பி. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று: ஸ்விங் முடிந்த கையோடு ரோ. இரண்டும் பிடியைத் தின்பவை. முதுகுக்கு வேலை கொடுக்கத்தான் ரோ வைத்தோம்; ஆனால் முதுகு களைக்கும் முன்பே முன்கை விட்டுவிடும். குனிந்து இழுக்கும் ரோ என்றால், ஸ்விங்கில் ஏற்கெனவே களைத்த கீழ்முதுகு வளையத் தொடங்கும். மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு: கடைசியில் லஞ்ச், திரும்பி வந்தால் பஸ்கி. காகிதத்தில் ஒன்றுக்கும் ஆறுக்கும் தூரம். பயிற்சியில் அவை பக்கத்து வீடு. தொடைக்கு ஓய்வே இல்லாமல் போகும்.

என் வரிசை: பஸ்கி, ரோ, லஞ்ச், தண்டால், ஸ்விங், டெட் பக். கால், இழுப்பு, கால், தள்ளல், இடுப்பு, வயிறு என்று மாறி மாறி வருகிறது. ரோவுக்கும் ஸ்விங்குக்கும் நடுவே லஞ்ச்சும் தண்டாலும் இருப்பதால் பிடிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓய்வு. லஞ்ச்சை வெறுங்கையோடு செய்ய வேண்டும். கெட்டில்பெல்லைத் தொங்கவிட்டுப் பிடித்தால் அந்த ஓய்வும் போயிற்று. ரோவில் மற்றொரு கையை மண்டபத்துப் பெஞ்சில் ஊன்றச் சொல்லுங்கள், கீழ்முதுகின் பளு குறையும்.

பிளாங்கை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்விங்கில் ஏறிய மூச்சோடு பிளாங்கில் இறங்குபவர் மூச்சை அடக்கிப் பிடிப்பார், இடுப்பு தொங்கும். மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கையும் காலும் நீட்டும் டெட் பக்கில் தரையே முதுகைத் தாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு நீட்டலுக்கும் மூச்சை வெளியே விடச் சொன்னால் மூச்சும் அடங்கும். படுத்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். இதை அட்டையில் கட்டாயம் எழுதுங்கள்.

ஆகவே சர்க்கிட்டின் உயிர் சுற்றி வருவதில் இல்லை. எதற்குப் பின் எது என்பதில் இருக்கிறது. ஒரே கெட்டில்பெல்லோடு பாயை விட்டு நகராமலும் சர்க்கிட் செய்யலாம். அதைச் சொல்லும் சொல் கிடைத்தால் நல்லது.

[லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்]

‘வலம்’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன்.

வரிசைதான் உயிர் என்றால் ‘கோவை’ இருக்கிறது. கோப்பதால் கோவை. ‘செட்’ ஒரே பயிற்சியை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, அது ‘அடுக்கு’. வெவ்வேறு பயிற்சிகளைக் கோத்தால் ‘கோவை’. “பஸ்கி மூன்று அடுக்கு”, “மூன்று சுற்றுக் கோவை” – இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ‘சுற்று’ ரவுண்டுக்கு மட்டும் நிற்கும். பயிற்சி முறைக்குக் ‘கோவைப்பயிற்சி’.

‘ஸ்டேஷன்’ என்பதற்கும் இதே வீட்டிலிருந்து சொல் எடுக்கலாம். கோவை என்ற சிற்றிலக்கியத்தில் பாட்டுகள் துறை துறையாக, கதையின் ஒழுங்கில் கோக்கப்பட்டிருக்கும். நானூறு துறை என்பது வழக்கு. படித்துறை என்றால் இறங்கி ஏறும் இடம். ஆகவே ‘துறை’. “நாலாம் துறை, தண்டால்.” அரசுத் துறை என்ற பொருள் பயிற்சி மண்டபத்தில் யாருக்கும் குறுக்கே வராது.

‘சரம்’ என்றும் யோசித்தேன். குரல் கொடுக்கச் சின்னச் சொல், பூச்சரம் கண்முன் வரும். ஆனால் சித்தர் மரபில் சரம் என்பது மூச்சு. ‘சரப்பயிற்சி’ என்றால் பிராணாயாமம் என்று நினைத்து வருவார்கள்.

[சாட்ஸ்வர்த், டர்பன்]

அக்கா, ‘கோவை’யில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கோத்த நூலுக்கு இரண்டு முனை உண்டு. அண்ணன் சொன்ன லஞ்ச்–பஸ்கி இடிப்போ இரண்டு முனையும் சேரும் இடத்தில்தான் வந்தது. ‘சுற்று’ என்றால் முனையே இல்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் “மூன்று சுற்றுக் கோவை” என்று சேர்த்துச் சொல்லும்போது அந்தக் குறை தீர்கிறது. எழுதுபவருக்கு ஒரு விதி மட்டும் சேர்க்கிறேன்: ‘கடைசித் துறையையும் முதல் துறையையும் பக்கத்தில் வைத்துப் பார்.’

எடை பற்றியும் எழுத வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் 40 வினாடியைப் பந்தயமாக்கிவிடுவார்கள். பஸ்கியின் ஆழம் பாதியாகும், ஸ்விங் இடுப்பிலிருந்து வராமல் தோளால் தூக்குவதாகும். அதனால் முதல் சுற்றில் மணி அடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யத் தெம்பு மிச்சமிருக்கும் எடையையே எடுக்க வேண்டும். முதல் சுற்றில் 15 தடவை செய்தவர் மூன்றாவதில் 12க்குக் கீழே போனால் எடை கூடிவிட்டது. ஒரே 16 கிலோ கெட்டில்பெல்தான் இருக்கிறது, பஸ்கிக்கு லேசாகப் படுகிறது என்றால் மூன்று எண்ணி இறங்கி, கீழே ஒன்று எண்ணி நின்று எழட்டும்.

டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் ஸ்விங்குக்கு முன் கையைத் துடைக்கத் துண்டு வேண்டும். மண்டபத்து டைல்ஸில் வியர்வை சொட்டினால் அங்கே லஞ்ச் செய்ய விடக்கூடாது. அந்த மாதங்களில் சுற்றுகளுக்கு நடுவே கூடுதல் ஓய்வு ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு. காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கு இரண்டு சுற்றோடு நிறுத்தலாம்.

திருத்திய அட்டையின் தலைப்பு இப்படி:

கோவைப்பயிற்சி – 6 துறை, 3 சுற்று. துறைக்கு 40 வினாடி, மாற 20. அடுக்கு இல்லை.

ஒரு பயிற்சியை ஒருமுறை செய்வதைக் குறிக்கும் ‘ரெப்’ என்பதற்குத் ‘தடவை’ என்றே விட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை ஒட்டிவிடுவேன்.

[பீட்டர்மாரிட்ஸ்பர்க்]

மறுப்பில்லை. ரோவின் கீழே “20 வினாடியில் கை மாற்று” என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வலக்கையிலேயே நாற்பதையும் முடித்துவிடுவார்கள்.